பெட்டிக்கடைக்காரரின் பேனா

பட்டம் பெறும் பிள்ளைகளே, பிள்ளைகளைவிடப் பதற்றமாக உட்கார்ந்திருக்கும் பெற்றோரே, என்னை அறிமுகப்படுத்திய பேராசிரியர் சொன்னதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். இந்தக் கறுப்பு அங்கியை இந்த வெயிலில் போட்டுக்கொண்டு நீங்கள் எவ்வளவு நேரம் தாங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரு காகிதம் கொண்டுவந்திருக்கிறேன். கடைசி வரிசைக்குத் தெரியாது, பரவாயில்லை. 1998-ல் அச்சிட்ட ஒரு பஸ் நேர அட்டவணை. அச்செழுத்து மங்கிவிட்டது. அதன்மேல் ஒருவர் நீல பால்பாயின்ட் பேனாவால் எழுதிய ஐந்து வரி மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அந்த ஐந்து வரியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அப்போது சென்னையில் நாலு பேர் வேலை செய்த ஒரு சின்ன நிறுவனத்தில் இருந்தேன். விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15-ல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. மோடம் கீச்சிட்டு, கரகரத்து, மூச்சுவாங்கி, பிறகுதான் இணைப்புக் கிடைக்கும். கும்பகோணத்தில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவர் எங்களிடம் வெப்சைட் கேட்டு வந்தார். நவக்கிரகக் கோயில்களுக்கு வருகிறவர்கள் தன் லாட்ஜில் தங்க வேண்டும்; அதற்காக ஆலங்குடி, திருநாகேஸ்வரம், கஞ்சனூர், திருநள்ளாறு என்று ஒன்பது கோயில்களுக்கும் பஸ் நேரம் போட வேண்டும் என்றார். நல்ல யோசனை. நானே நோட்டுப் புத்தகத்தோடு போய், பஸ் ஸ்டாண்ட் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்து ஏற்றினேன்.

மூன்று மாதம் கழித்து லாட்ஜ் முதலாளி போன் செய்தார். மும்பையிலிருந்து வந்த ஒரு குடும்பம் என் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஆலங்குடிக்குக் காலை 6.10 பஸ்ஸுக்காக ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறது. வயதான அம்மா ஒருவரும் கூட இருந்திருக்கிறார். பஸ் வரவில்லை. பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் பரிதாபப்பட்டு அந்தக் காகிதத்தை வாங்கி, காதில் செருகியிருந்த பேனாவை எடுத்துத் திருத்திக் கொடுத்திருக்கிறார். “6.10 வியாழன் மட்டும்” என்பது முதல் வரி. இன்னொரு பஸ்ஸை முழுதாக அடித்துவிட்டு “இது நின்னு போச்சு” என்று எழுதியிருக்கிறார். கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது: “காரைக்கால் பஸ் திருநள்ளாறு வழியா என்று கேட்டு ஏறவும்.” அந்த வழிக்கு இதைவிட நல்ல குறிப்பை நான் எழுதியிருக்க முடியாது.

அந்தக் காகிதத்தை முதலாளி எனக்குத் தபாலில் அனுப்பினார். நான் திருத்தியிருக்க வேண்டும், இல்லையா? அக்கா கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவில் இருந்தேன். கடவுச்சொல் என்னிடம் மட்டுமே இருந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பிழை ஒன்று உலகம் முழுக்கத் தெரியும்படி இன்னும் பத்து நாள் கிடந்தது. திருத்தி முடித்து, அடுத்த முறை போனபோது பெட்டிக்கடைக்காரரிடம் புதிய அட்டவணையைப் பெருமையாகக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “போன வாரம் மறுபடி மாத்திட்டாங்களேம்மா” என்றார்.

அன்றைக்கு எனக்கு உறைத்தது. பேனா இருக்க வேண்டிய இடம் அவர் காது. நான் அதைச் சென்னையில் பூட்டி வைத்திருந்தேன்.

பிறகு அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு பெட்டி வைத்தேன். “பிழை கண்டால் எழுதுங்கள்.” பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதிய சின்ன நிரல், யார் எழுதினாலும் அப்படியே கீழே தெரியும். முதல் மாதம் வந்ததில் முக்கால்வாசி வெறும் ‘ஹலோ’. சிலர் அவர்கள் ஜாதகத்தைப் போட்டுப் பலன் கேட்டார்கள். பஸ் நேரம் எழுதினவர்கள் இரண்டே பேர். ஆனால் அந்த இருவரும் விடாமல் எழுதினார்கள். அதற்குள் லாட்ஜில் தங்கிய ஒருவர், “மூன்றாம் மாடி பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை” என்று எழுதிவிட்டார். முதலாளி கொதித்துப்போனார். “ஏம்மா, என் காசுல கட்டின சுவத்துல கண்டவன் வந்து கிறுக்குவானா? எடுத்துப் போடும்மா அதை.” நான் எடுக்கவில்லை. வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். மூன்று நாள் கழித்து மறுபடி போன். “குழாய் மாத்தியாச்சு. அதையும் அதுக்குக் கீழயே போட்டுடு.”

உங்களில் கணினி படித்தவர்கள் பாடப்புத்தகத்தில் ‘வெப் 2.0’, அதாவது படிக்கிறவர்களே எழுதவும் செய்கிற இணையம், என்று படித்திருப்பீர்கள். என்னைப் பொறுத்தவரை அது அந்த இரண்டு போன் கால்களுக்கு நடுவில் இருக்கிற மூன்று நாள்தான்.

மற்ற துறைப் பிள்ளைகளுக்காக இதன் உள்வேலையைச் சமையலறை பாஷையில் சொல்லிவிடுகிறேன். முதலில் இருந்த பக்கம் பொட்டலச் சோறு. கட்டி வைத்தது; கேட்பவருக்கெல்லாம் ஒரே பொட்டலம். 1993-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில், பக்கத்தில் நீங்கள் எழுதுவதை சர்வரில் உள்ள ஒரு நிரலிடம் கொண்டுபோய்ச் சேர்க்க சிஜிஐ என்ற வழி பிறந்தது. அதாவது சமையல்காரரிடம் ஆர்டர் சொல்ல ஜன்னல் திறந்தது. 1995-ல் பிஎச்பி என்ற நிரல்மொழியும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளமும் வந்தன. கேட்ட பிறகு கல்லில் ஊற்றும் தோசை. ஆனாலும் சட்னி தீர்ந்தால் இலையையே எடுத்துவிட்டு முதலிலிருந்து பரிமாற வேண்டும். நீங்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் திரை வெளுத்து, பக்கம் முழுதும் மறுபடி வந்து இறங்கும். இலையை எடுக்காமல் சட்னியை மட்டும் கேட்டு வாங்குகிற வித்தை 1999-லேயே மைக்ரோசாஃப்டின் எக்ஸ்ப்ளோரர் உலாவியில் இருந்தது. பெரும்பாலானவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. 2004-ல் ஜிமெயிலும் 2005-ல் கூகுள் வரைபடமும் அதை வைத்து விளையாடிக் காட்டின. வரைபடத்தை மவுஸால் பிடித்து இழுத்தபோது அது கூடவே வந்ததைப் பார்த்து, ஆபீஸில் நாங்கள் நாலு பேரும் எழுந்து நின்றுவிட்டோம். அதே 2005 ஏப்ரலில், யூடியூபில் முதல் வீடியோவை அதை நிறுவியவர்களில் ஒருவர் ஏற்றினார். மிருகக்காட்சி சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று பேசும் 19 விநாடி. அதில் சொல்லும்படி ஒன்றுமே இல்லை. யாரும் ஏற்றலாம் என்பதுதான் அதில் இருந்த ஒரே செய்தி.

பதிப்பாளர் டிம் ஓ’ரைலி 2004-ல் மாநாடு போட்டு ‘வெப் 2.0’ என்ற பெயரைப் பிரபலப்படுத்தினார். எனக்கு அந்தப் பெயர் அவ்வளவாகப் பிடிக்காது. ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தது போல இருக்கிறது. வேர்ல்டு வைடு வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1990-ல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் எழுதிய முதல் உலாவியிலேயே, படிக்கிற ஜன்னலில் எழுதவும் முடியும். பிறகு ஊர் முழுக்கப் பரவிய உலாவிகள் படிப்பதை மட்டும் வைத்துக்கொண்டன. பேனா தொலைந்து, பத்துப் பதினைந்து வருடம் கழித்துக் கிடைத்தது, அவ்வளவுதான் கதை.

இங்கே என் கல்லூரி நாளைப் பற்றி ஒன்று சொல்லிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் கம்ப்யூட்டர் லேப் ஏ.சி. அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கோயில் மாதிரி. வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். நிரலை நோட்டில் எழுதி, மேஜைமேலேயே ஓட்டிப் பார்த்து, பிழை களைந்து, அப்புறம்தான் விசைப்பலகை. ஒருநாள் ‘பகா எண்’ நிரல் ஓடிவிட்ட சந்தோஷத்தில் வெளியே வந்தால் என் புதுச் செருப்பைக் காணோம். ஹாஸ்டல் வரை சித்திரை வெயிலில் வெறுங்காலோடு ஓடினேன். கணினியைத் தொடுவதற்கே தகுதி வேண்டும் என்று நம்பி வளர்ந்த தலைமுறை நாங்கள். அதனால்தான் பேனாவைப் பூட்டி வைப்பது எனக்கு இயல்பாக வந்தது என்று இப்போது தோன்றுகிறது.

வார்டு கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளருக்கு அந்தப் பயம் இல்லை. 1995 மார்ச்சில் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய தளம் ஒன்றைத் திறந்தார். அதற்கு ‘விக்கி’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய பஸ்ஸின் பெயர். ஹவாய் மொழியில் ‘விக்கி’ என்றால் சீக்கிரம். இங்கேயும் பஸ்தான்! விக்கிப்பீடியாவைத் தொடங்கிய ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் முதலில் நடத்திய நியூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தில் நிபுணர்கள் எழுதி, ஏழு படிகளில் சரிபார்க்க வேண்டும். முதல் வருடத்தில் தேறியவை 21 கட்டுரைகள். 2001 ஜனவரி 15-ல் அந்த விக்கி முறையில் விக்கிப்பீடியா என்று கதவைத் திறந்தார்கள். அந்த ஒரு வருடத்தில் ஏறக்குறைய 18,000 கட்டுரைகள்.

திறந்த கதவு வழியாகத் திருடனும் வருவான். 2005-ல் ஜான் சீகன்தாலர் என்ற மூத்த அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்தி ஒருவர் விளையாட்டாக எழுதிய பொய், ஏறக்குறைய நாலு மாதம் அங்கேயே இருந்தது. என் பத்து நாள் பிழை அதற்கு முன் எம்மாத்திரம். அதன் பிறகு ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்கு இல்லாதவர்கள் புதுக் கட்டுரை தொடங்குவதைத் தடுத்தார்கள். கதவை மூடவில்லை, ஒரு தாழ்ப்பாள் போட்டார்கள். அது நியாயம்தான்.

தமிழுக்கு வருகிறேன். 1998 பொங்கலன்று, தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் தொடங்கியது. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு ஒருங்கிணைக்க, பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சம்பளமில்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் பிறந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளைகுடா நாட்டில் வேலை பார்த்த கட்டடக் கலைஞர் மயூரநாதன், வேலை முடிந்த நேரத்தில் கட்டுரை கட்டுரையாக எழுதி அதை எழுப்பினார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்குக் கொடுத்தது. இன்று அங்கே ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள். தமிழ் பேசுவோர் ஏழு கோடிக்கு மேல். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது.

ஏன் கோபம்? யாகோப் நீல்சன் என்ற வடிவமைப்பு ஆய்வாளர் 2006-ல் ஒரு கணக்குச் சொன்னார். இப்படிப்பட்ட தளங்களில் நூறு பேரில் 90 பேர் பார்ப்பதோடு சரி. 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள். ஒருவர்தான் விடாமல் எழுதுவார். என் பஸ் பக்கத்துக்கு வந்த இரண்டு பேரை அப்போதுதான் புரிந்துகொண்டேன். அதே 2006-ல் டைம் பத்திரிகை ஆண்டின் மனிதர் ‘நீங்கள்’தான் என்று சொல்லி, அட்டையில் கண்ணாடி மாதிரி ஒரு தாளை ஒட்டி அனுப்பியது. முகம் பார்த்துக்கொண்டோம். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டோம். நீங்கள் எழுதுவதில்லை என்று சொல்ல மாட்டேன். நாள் முழுக்க எழுதுகிறீர்கள், படம் எடுக்கிறீர்கள், ஏற்றுகிறீர்கள். ஆனால் எந்தச் சுவரில்? 2009-ல் ஆளுக்கொரு வலைப்பக்கம் கொடுத்த ஜியோசிட்டீஸை இழுத்து மூடினார்கள். 2014 செப்டம்பர் 30-ல் ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் போனது. உங்கள் அண்ணன் அக்காவைக் கேட்டுப் பாருங்கள். கல்லூரிக் காலத்தில் ராத்திரி ராத்திரியாக அவர்கள் எழுதியது இன்றைக்கு எங்கே என்று. பேனா கொடுத்தார்கள், உண்மை. சுவரின் பட்டா அவர்களிடமே இருந்தது. நாளைக்கு நீங்கள் ஒரு தளத்தைக் கட்டும் இடத்தில் உட்காருவீர்கள். எழுதியவர் தன் எழுத்தை எடுத்துக்கொண்டு போக ஒரு வழி வையுங்கள். முதலாளி கோபிப்பார். மூன்று நாள் பொறுங்கள்.

பெட்டிக்கடைக்காரர் இப்போது இல்லை. அந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை இருக்கிறது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்று ராத்திரி, போட்டோவெல்லாம் அனுப்பி முடித்த பிறகு, தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். நீங்கள் படித்த பள்ளி, குளித்த ஏரி, ஊருக்கு வரும் பஸ், இவற்றில் ஏதாவது தப்பாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. பக்கத்தின் மேலே ‘தொகு’ என்று இருக்கும். அதை அழுத்துங்கள். பெற்றோர்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன். ஊர்க் கதை பிள்ளைகளைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பட்டம் பெறும் அனைவருக்கும் வாழ்த்துகள். அங்கியைக் கழற்றலாம்.