விண்கலத்தை விட்டு விலகுவோர்



வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் கழித்து ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியனுக்கும் விண்கலத்திற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. என் பேரன் விரும்பிக் காணும் 'ஸ்டார் டிரெக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களை, அவன் அருகில் அமர்ந்து நானும் கண்டேன். 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் தொடங்கிய அக்கதை, பின்னர்ப் பல கிளைகளாகப் படர்ந்தது. அதில் என் உள்ளத்தைக் கவர்ந்தவை விந்தைப் பொறிகள் அல்ல. விண்மீன்களுக்கிடையே உலவும் பெரும்பேறு பெற்ற ஒருவர், "இப்பணி எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் இடங்களே என்னைச் சிந்திக்க வைத்தன. அவர்கள் ஏன் அவ்வாறு சொல்கிறார்கள்?

முதற் காரணம் சோர்வு. தொடர் தொடங்குமுன் வெள்ளோட்டமாக 1964-இல் படமாக்கப்பட்ட கதையில், பைக் என்பவர் கலத்தின் தலைவர். ஒரு சண்டையில் தம் கீழ்ப் பணிபுரிந்த மூவரை இழக்கிறார். 203 உயிர்களின் பொறுப்பைச் சுமந்து களைத்துவிட்டதாகவும், பதவியைத் துறக்க எண்ணுவதாகவும் கலத்தின் முதிய மருத்துவரிடம் கூறுகிறார். பின்னர் வேற்றுக் கோளத்தார் அவரைச் சிறைப்பிடித்து, அவர் கனவு கண்ட அமைதியான வாழ்வையே மாயத்தோற்றமாக அவர்முன் காட்டுகிறார்கள். அவரோ அதை ஏற்க மறுத்து, தம் கலத்திற்கே திரும்புகிறார்.

இரண்டாவது காரணம் துயரம். 1993-இல் தொடங்கிய 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் தலைவர் சிஸ்கோ, போரில் மனைவியை இழந்தவர். தாயற்ற மகனை வளர்க்க வேண்டியவர். விண்நிலையத்துப் பணியை விட்டுப் பூமிக்குத் திரும்பவே அவர் எண்ணுகிறார். மனைவி மாண்ட அந்நாளிலேயே தம் உள்ளம் தங்கிவிட்டது என்பதை உணர்ந்த பின்னரே, மாற்றம் கேட்ட தம் வேண்டுகோளைத் திரும்பப் பெறுகிறார்.

மூன்றாவது காரணம் இரு கடமைகளின் மோதல். 1991-இல் ஒளிபரப்பான ஒரு கதையில், கிளிங்கான் இனத்தவரான வோர்ஃப், தம் இனத்தாரின் உள்நாட்டுப் போரில் கலந்துகொள்ள விரும்புகிறார். கலத்தின் சீருடை அதற்கு இடந்தராது. ஆகவே முறைப்படி பதவி துறந்து செல்கிறார்; கடமை முடிந்ததும் திரும்பி வருகிறார். இரண்டு படகுகளில் கால் வைக்காமல் ஒன்றிலிருந்து இறங்கிய நேர்மையை நான் மதிக்கிறேன்.

நான்காவது மனச்சான்று. 1994-இல் வந்த ஒரு கதையில், ஒரு கோளில் குடியேறி வாழும் அமெரிக்கப் பழங்குடி மக்களை வலிந்து அப்புறப்படுத்த முயற்சி நடக்கிறது. பயிற்சி மாணவனான வெஸ்லி, அம்மக்களுக்கு அதை முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, பயிற்சிக் கழகத்தை விட்டே விலகுகிறான். ஊரார் மெச்சும் பாதை தன் பாதை அன்று என்று அறிந்து கொள்வதற்கும் துணிவு வேண்டும்.

இவை கற்பனைகள். ஆனால், அக்கலத்தில் உஹூரா என்னும் அதிகாரியாக நடித்த நிச்செல் நிக்கல்ஸ் என்னும் கறுப்பின அம்மையார், முதற்பருவம் முடிந்ததும் உண்மையாகவே விலக முற்பட்டார். நாடக மேடை அவரை அழைத்தது. தொடரின் படைப்பாளரிடம் விலகல் கடிதத்தையும் கொடுத்துவிட்டார். அந்நிலையில் ஒரு விழாவில் மார்ட்டின் லூதர் கிங் அவரைச் சந்தித்தார். விலகக் கூடாது என்று வற்புறுத்தினார். கறுப்பினத்தார் மற்றவர்க்குச் சமமாக, அறிவும் மாண்பும் உடையவராகத் திரையில் தோன்றுவது எத்துணைப் பெரிது என்பதை எடுத்துரைத்தார். அம்மையார் தங்கினார். 1977 முதல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்திற்குப் பெண்களையும் கறுப்பினத்தவரையும் சேர்க்கும் பணியிலும் உதவினார். 1992-இல் விண்வெளி சென்ற முதல் கறுப்பினப் பெண்மணியான மே ஜெமிசன், சிறுவயதில் உஹூராவைக் கண்டு ஊக்கம் பெற்றவர்.

நானும் ஒருமுறை இராஜிநாமாக் கடிதம் எழுதினேன். ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிது. வீட்டுக்கணக்குப் போடாத ஒரு சிறுவனைக் கோபத்தில் கடுமையாக அடித்துவிட்டேன். மறுநாள் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை. வெட்கம் என்னைத் தின்றது. கடிதத்தை மூத்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "தம்பி, நீ போய்விட்டால் பையன் வந்துவிடுவானா?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே அவன் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவன் திரும்பி வரவில்லை. தந்தையோடு கொல்லு வேலைக்குப் போய்விட்டான். நான் தங்கினேன். பிரம்பை மட்டும் அதன்பின் எடுக்கவில்லை. அச்சிறுவனின் முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

மாணவர்களே! நீங்களும் ஒருநாள் ஒரு கல்லூரியை, ஒரு வேலையை, ஓர் அமைப்பை விட்டு விலக எண்ணுவீர்கள். விலகுவது எப்போதும் கோழைத்தனம் அன்று. தங்குவது எப்போதும் வீரமும் அன்று. வெஸ்லி விலகியது சரி. பைக் தங்கியதும் சரி. களைப்பினால் என்றால், முதலில் இளைப்பாறுங்கள். துயரத்தினால் என்றால், அது உங்களோடு கூடவே வரும் என்பதை நினையுங்கள். வெட்கத்தினால் என்றால், செய்த பிழையைத் திருத்த முயன்ற பின் முடிவு செய்யுங்கள். மனச்சான்றினால் என்றால், ஒளிந்து ஓடாமல் காரணத்தைச் சொல்லிவிட்டு, தலைநிமிர்ந்து வெளியேறுங்கள்.