தேதி தவறிய க்யூப்கள்

(சங்கத்தின் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை, மலருக்காக எழுத்து வடிவில்)



2009-இல் இங்கே சிவில் முடித்தவன் நான். "பிஎச்.டி. பண்ணின அனுபவத்தைச் சொல்லுப்பா" என்று செயலாளர் கேட்டார். என் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவீர்கள். அதனால் ஆய்வேட்டைக் கொடுத்துப் பட்டத்தைக் கையில் வாங்கின கதையை மட்டும் சொல்கிறேன்.

2016-இல், வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக இங்கேயே பதிவு செய்தேன். ஃப்ளை ஆஷ் கலந்த கான்கிரீட் என் தலைப்பு. அது மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். எனவே 28 நாளோடு விடாமல் 56, 90 நாட்களிலும் க்யூபை உடைத்துப் பார்க்க வேண்டும். 2019 கடைசியில் போதுமான ரிசல்ட் கையில் இருந்தது. "போதும்ப்பா, எழுத ஆரம்பி" என்றார் கைடு சார். "இன்னும் ஒரே ஒரு மிக்ஸ் சார்" என்றேன் நான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு எழுதப் பயம். லேபில் நின்றால் வேலை நடக்கிற மாதிரி இருக்கும். வெள்ளைத் தாளுக்கு முன்னால் உட்கார்ந்தால் நமக்கு என்ன தெரியாது என்பது தெரிந்துபோகும்!

2020 ஜனவரியில் அந்தக் கடைசி மிக்ஸை வார்த்தேன். 28 நாள், 56 நாள் சோதனைகள் முடிந்தன. 90-ஆம் நாள் ஏப்ரலில் வந்தது. அப்போது நாடே ஊரடங்கில். என் க்யூப்கள் தண்ணீர்த் தொட்டியிலேயே கிடந்தன. டிசம்பரில் ஆய்வாளர்களை உள்ளே விட்டபோது போய் எடுத்து உடைத்தேன். நல்ல பலம்! சந்தோஷமாக சாரிடம் காட்டினேன். அவர் மேலே பெயிண்டில் எழுதியிருந்த தேதியைப் பார்த்தார்.

"க்யூப் நல்லாத்தான் இருக்கு. ஆனா 90 நாள் பலம்னு இதை எழுத முடியாது. உன் தீசிஸும் இப்படி ஆயிடக் கூடாது."

சார் ஓய்வு பெற அப்போது ஆறு மாதம்கூட இல்லை. அன்றிரவே எழுத உட்கார்ந்தேன். தினமும் காலை 4 மணியிலிருந்து 7 மணி வரை, பிறகு சைட்டுக்கு ஓட்டம். கடைசி மிக்ஸை அப்படியே விட்டுவிட்டேன். 2021 ஏப்ரலில் ஆய்வேட்டைக் கொடுத்தேன்.

மாணவர்களுக்குச் சில விஷயங்கள். யுஜிசியின் 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு வரை கிடைக்கலாம். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுள்ள மாற்றுத் திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு வரை சலுகை உண்டு. சலுகையை நம்பித் திட்டம் போடாதீர்கள். கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

அடுத்தது ஒப்புமைச் சோதனை. 2018 விதிகளின்படி ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை போனால் திருத்தி மறுபடி கொடுக்கச் சொல்வார்கள். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முதல் தடவை பார்த்தபோது எனக்கு 17 வந்தது. யாரிடமும் திருடவில்லை ஐயா! நானே வெளியிட்ட கட்டுரையின் வரிகளை அப்படியே போட்டிருந்தேன். பத்து நாள் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். அந்தப் பத்து நாளையும் கணக்கில் வையுங்கள். நூலகத்தில் நோ ட்யூஸ் வாங்கவும் ஒரு நாள் வையுங்கள்.

டிசம்பரில் வீடியோ வழியாக வைவா நடந்தது. சார் ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் எல்லோரும் 'டாக்டர்' என்றார்கள். நானும் அதோடு முடிந்தது என்று நினைத்துத் தற்காலிகச் சான்றிதழைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து சார் போன் செய்தார். "பட்டம் வாங்கிட்டியா?" "வைவாதான் முடிஞ்சிடுச்சே சார்." "அது வைவா. பட்டத்துக்கு மனு போட்டியா?" போடவில்லை. போடப் போனால், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஓர் இனிஷியல், தற்காலிகச் சான்றிதழில் இரண்டு. அந்த ஓர் எழுத்தைச் சரி செய்ய மூன்று மாதம் அலைந்தேன். தப்பு என்னுடையதுதான், பதிவுப் படிவத்தில் நானே அப்படி எழுதியிருந்தேன். தம்பி தங்கைகளே, இன்று வீட்டுக்குப் போனதும் எல்லாச் சான்றிதழையும் எடுத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

2023-இல் பட்டம் கைக்கு வந்தது. நேரே சார் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் என் பெயரைப் படித்தார். பிறகு தேதியைப் படித்தார். அதற்கப்புறம்தான் கை கொடுத்தார்.

இந்த அரங்கில் எழுதி முடிக்காத ஆய்வேட்டோடு சிலர் இருப்பீர்கள், எனக்குத் தெரியும். உங்கள் க்யூப் நல்ல க்யூப்தான். தேதி போவதற்குள் கொடுத்துவிடுங்கள்.