குலவித்தையும் பயிற்சிச்சாலையும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாகசுரத்தில் ஐம்பதாண்டு பழகிய பெரியோரும், தவிலில் நாடறிந்த பெயர் பெற்றோரும் இவ்வவையில் வீற்றிருக்கின்றனர். அவர்தம் முன்னிலையில், பள்ளியில் தமிழ் கற்பித்து நாட்கழிக்கும் யாம் இசைப்பயிற்சியைப் பற்றிப் பேசப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். எனினும், பொருளை உடையவனினும் அதனை இழந்தவனே அதன் அருமையை அறிவான் ஆதலின், அத்தகுதி ஒன்றே பற்றி இங்கு நிற்கத் துணிந்தோம்.

எம் பாட்டனார் நாகசுரம் வாசித்தவர். அவருடைய கருவி உறையிட்டபடியே எம் இல்லத்துப் பரண்மேல் இன்றும் கிடக்கின்றது. எடுத்து ஊதுவார் இல்லை. எம் தந்தையார் எம்மைப் பள்ளிக்கு அனுப்பினார். அதனால் யாம் பெற்றவை பல; இழந்தது இஃதொன்று. இனி யாம் கூறுவனவற்றுள் குற்றம் ஏதேனும் எடுத்துரைக்கப்படுமாயின், அக்குற்றம் உடையாருள் யாமும் ஒருவர் என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கின்றோம்.

சில ஆண்டுகட்கு முன்னர், வகுப்பில் மாணவர்தம் பெற்றோர் தொழிலைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு சிறுவன் எழுந்து, 'கூலி வேலை, ஐயா' என்றான். அவன் தந்தை நல்ல தவிற்காரர் என்பது பின்னர்த் தெரிய வந்தது. தனியே அழைத்துக் காரணம் கேட்டோம். 'தவில் என்று சொன்னால் பையன்கள் பெஞ்சைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார்கள், ஐயா' என்று தலைகுனிந்து கூறினான். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அச்சிறுவனை யாம் எவ்வாறு கடிவது? பாட்டனார் கருவியைப் பரணில் ஏற்றிய எம் குடும்பம் செய்ததும் அதுவேயன்றோ?

நம்மவர்க்குக் கற்பிக்கும் முறை தெரியாது என்று எவரும் சொல்ல இயலாது. தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் அவையில் விளங்கிய பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வரும் ஆடற்பயிற்சியை ஒழுங்குபடுத்தி, அலாரிப்பு, சதிசுரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்னும் வரிசையை நிலைநாட்டினர். உலகின் பல நாடுகளிலும் இன்று பரதம் பயில்வோர் அவ்வரிசையையே பின்பற்றுகின்றனர். 1936-இல் சென்னையில் உருக்குமணி தேவியார் கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்தபோது, அவருக்கு ஆசானாய் அமைந்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். கற்பித்தவர் நம்மவர், பள்ளியை அமைத்தவர் பிறர். இதனைப் பொறாமையாற் கூறுகின்றோமல்லோம். பள்ளி அமைத்தமையாலன்றோ அக்கலை பெருகிற்று? நாமும் ஏன் அமைத்தல் கூடாது என்பதே எம் வினா.

அமைக்காமைக்குக் காரணங்கள் உண்டு. 1947-இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டம் விலக்கியது. முத்துலட்சுமி அம்மையாரும், நம் குலத்து மூவலூர் இராமாமிர்தத்தம்மையாரும் அதன்பொருட்டு உழைத்த உழைப்பினை நாம் என்றும் போற்றக் கடவோம். ஆனால், ஒழிய வேண்டிய வழக்கம் ஒழிந்த அக்காலத்தே, அஞ்சிய குடும்பங்கள் பல பெண்மக்கட்குப் பாட்டையும் ஆட்டத்தையும் சேர்த்தே விலக்கிவிட்டன. அழுக்கைக் களையப் புகுந்து ஆடையையும் எறிந்தவாறாயிற்று. மற்றொரு காரணம் நம் வித்துவான்களின் இயல்பு. அரியவற்றைத் தம் மகனுக்கும் மருமகனுக்குமே சொல்லி, அவரும் வேற்றுத்தொழில் மேற்கொண்டபின், எவர்க்கும் சொல்லாமலே மறைந்த பெரியோர் பலர். பூட்டி வைத்த நெல் புழுத்துப்போதல் இயல்பு.

இனி, பழைய குருகுலம் எவ்வாறு நடந்தது என்பதைச் சிறிது நோக்குவோம். நாகசுரம் பயில வந்த பிள்ளைக்கு முதலில் வாய்ப்பாட்டே கற்பிக்கப்பட்டது. பாடத் தெரிந்த பின்னரே கருவி கைக்கு வரும். ஏழு துளைகளை விரல்களால் முழுதும் மூடியும், பாதி திறந்தும், மூச்சின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் சுரங்களின் நுட்பமெல்லாம் பிறப்பிக்கப்படும். நாவினாற் செய்யும் துத்துகாரமும், விரலினாற் செய்யும் விரலடியும் ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்தாலன்றி அமையா. ஆயினும் இவையெல்லாம் பாதிக் கல்வியே. மற்றைப் பாதி திருவிழாக்காலத்து வீதியிலே நடைபெற்றது. ஆசிரியர் பின்னே ஒத்து ஊதிக்கொண்டு விடியுமளவும் நடந்த பிள்ளை, சுவாமி புறப்படுகையில் கம்பீரநாட்டையில் மல்லாரி எவ்வாறு எழும், தேருக்கு உரிய மல்லாரி யாது, தளிகைக்கு உரியது யாது என்பவற்றைக் கேட்டுக் கேட்டே மனத்தில் பதித்துக்கொண்டான்.

இப்பாதி இன்று அருகி வருகின்றது. அண்மையில் ஒரு கோயில் விழாவில் யாமே கண்ட நிகழ்ச்சி இது. திருவமுது எடுத்துவரும் முதியவர் பாத்திரத்தைத் தலையிற் சுமந்து வாயிலில் நின்று, 'தம்பி, தளிகை மல்லாரி வாசியுங்கள்' என்றார். நாகசுரக்காரரான இளைஞர் ஒருவர் மற்றொருவர் முகத்தைப் பார்த்தார். 'அது எங்களுக்குப் பாடம் இல்லை, தாத்தா' என்று மெல்லச் சொல்லி, கேட்டுப் பழகிய கீர்த்தனை ஒன்றைத் தொடங்கினர். முதியவர் ஒன்றும் கூறாமல் நடந்தார். அவ்விளைஞர் நன்றாகவே வாசித்தனர். குறை அவர்பால் இல்லை. சொல்லிக்கொடுக்க வேண்டிய நாம் சொல்லிக்கொடுக்கவில்லை.

'அரசினர் இசைப்பள்ளிகள் இருக்க நமக்கு வேறு எற்றுக்கு?' எனச் சிலர் வினவுவர். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகசுரமும் தவிலும் மூன்றாண்டுப் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. பழனித் தேவத்தானத்தின் ஆதரவிலும் அவற்றிற்கென ஒரு கல்லூரி நடைபெறுகின்றது. இவை செய்யும் நன்மை பெரிது. ஆனால் மூன்றாண்டில் வர்ணமும் கீர்த்தனையும் வரலாம். நான்கு வீதியும் நடந்து இராகத்தை வளர்க்கும் ஆற்றல் பள்ளியறையில் மட்டும் வாராது. அப்பள்ளிகள் வைத்த அடிக்கல்லின்மீது சுவர் எழுப்புவது நம் கடமையாம்.

ஆதலின் இச்சங்கத்தின் முன் சில கருத்துக்களை வைக்கின்றோம்.

முதலாவது, கட்டடத்திற்கு முன் ஆசிரியர்க்கு வழி செய்க. கட்டட நிதி திரட்டுவதில் நமக்குள்ள ஊக்கம் ஆசிரியர் ஊதியத்தில் இல்லை. முதிய வித்துவான்கள் இருவர்க்குத் திங்கள்தோறும் மதிப்பூதியம் அளித்து, அவர் வீட்டுத் திண்ணையிலேயே மாலை வகுப்பைத் தொடங்கலாம். பிள்ளைகள் பள்ளிப்படிப்பை விடவேண்டுவதில்லை, விடவும் கூடாது.

இரண்டாவது, விழா நாட்களையே வகுப்பாகக் கொள்க. மேளம் ஏற்கும் ஒவ்வொரு குழுவினரும் மாணவர் இருவரை உடனழைத்துச் செல்லல் வேண்டும். அவர்க்குரிய படியைச் சங்கம் ஏற்கும். முதியோர் நினைவிலுள்ள மல்லாரிகளைக் கைப்பேசியிலேனும் பதிவு செய்து வைத்தல் அவசரமான பணி.

மூன்றாவது, கருவியறிவையும் கற்பிக்க. திமிரி என்னும் குட்டை நாகசுரம் வழங்கிய காலத்தில், பாரி என்னும் நீண்ட நாகசுரம் பரவக் காரணமானவர் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையவர்கள் (1898–1956). அவர் கருத்திற்கிசைய ஆச்சா மரத்தைக் கடைந்து உருவாக்கித் தந்தவர் நரசிங்கம்பேட்டை இரங்கநாத ஆசாரியார். வாசிப்பவரும் செய்பவரும் கூடியமையால் விளைந்த பயன் அது. நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022-இல் புவிசார் குறியீடும் பெற்றது. சீவாளியைப் பக்குவப்படுத்தவும், தவில் வாரை இழுத்துச் சுருதி கூட்டவும், விரற்கூடு கட்டவும் அறியாத கலைஞன் தன் ஏரைத் தான் பூட்ட அறியாத உழவனை ஒப்பான்.

நான்காவது, தமிழும் கணக்கும் சேர்க. தேவாரத்தையும் திருப்புகழையும் பொருளறியாது வாசிப்பதினும் அறிந்து வாசிப்பது கேட்பார் நெஞ்சை மிகுதியும் உருக்கும். ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்திடவும், வரவுசெலவு எழுதவும், முதுமைக்குச் சேமிக்கவும் கற்பித்தல் வேண்டும். தமிழ்ப் பாடத்தை ஊதியமின்றி யாம் ஏற்றுக்கொள்கின்றோம்.

ஐந்தாவது, வாயிலைத் திறந்து வைக்க. பெண்மக்கள் ஊதலாகாது என்பாருக்கு 2012-இல் மறைந்த மதுரை பொன்னுத்தாயம்மையாரின் வாழ்வே விடை. 2020-இல் தம் கணவரோடு பத்மசிறீ விருது பெற்ற காலீசாபி மகபூப் அம்மையாரும் நாகசுரக் கலைஞரே. பிற குலத்தார்க்குக் கற்பிக்கலாமோ என்பாருக்கு வேறொரு சான்று கூறுவோம். ஆந்திர நாட்டில் இசுலாமியர் குடியிற் பிறந்த சேக் சின்ன மௌலானா அவர்கள் (1924–1999) தஞ்சைப் பாணியை விரும்பி வந்து நாச்சியார்கோயில் சகோதரர்களிடம் பயின்றார். பின்னர்ச் சீரங்கத்தில் குடியேறி, 1982-இல் சாரதா நாகசுர சங்கீத ஆசிரமத்தை நிறுவிப் பலர்க்குக் கற்பித்தார். நம்மவர் மனமுவந்து ஒருவருக்குக் கொடுத்தது பலருக்குப் பயனாயிற்று. கொடுப்பதாற் குறையாத செல்வம் கல்வி ஒன்றே.

அன்பர்காள்! இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. திருமணங்களில் நாம் செய்யும் வீண்செலவில் ஒரு சிறு பங்கு போதும். வேண்டுவது, என் பாடம் என்னோடு போகட்டும் என்னும் எண்ணத்தை விட்டொழிக்கும் மனமே.

யாம் கூறிய சிறுவன் இப்பொழுது மேல்வகுப்பில் படிக்கின்றான். தன் தந்தையிடம் மாலைதோறும் 'தா தீ தொம் நம்' சொல்லத் தொடங்கியிருக்கின்றான் என்று அறிந்து மகிழ்ந்தோம். அடுத்த முறை எவரேனும் தந்தையின் தொழிலைக் கேட்டால், 'தவில் வித்துவான்' என்று அவன் நிமிர்ந்து சொல்லுமாறு செய்வது நம் கையில் உள்ளது. எம் பாட்டனார் கருவியையும் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்துள்ளோம். சங்கத்தின் முதல் வகுப்பில் சேரும் பிள்ளை ஆணாயினும் பெண்ணாயினும், எக்குலத்ததாயினும், அக்கருவி அப்பிள்ளைக்கே உரியது.