சான்றிதழ் எந்த மாநிலத்தது?



பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டால் மருத்துவக் கல்லூரியின் கதவு தானே திறக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். விண்ணப்பத்தில் மதிப்பெண்ணுக்கு அடுத்து வேறு கேள்விகளும் இருக்கின்றன. எந்த ஊர்? எந்தச் சாதி? எந்த மாநிலத்துச் சான்றிதழ்?

தெனாலியில் பிறந்த ஒரு பழங்குடிப் பையன். தகப்பனாருக்கு மத்திய அரசின் உரக் கழகத்தில் வேலை. ஒன்பது வயதில் பம்பாய்க்கு வந்தவன், பழங்குடியினர் இடத்தில் மருத்துவம் படிக்கக் கேட்டான். கிடைக்கவில்லை. 1990இல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? அரசியல் சட்டத்தின் 341, 342ஆவது பிரிவுகளில் பட்டியல் 'அந்த மாநிலத்தைப் பொறுத்து' என்றிருக்கிறதாம். ஆந்திரப் பட்டியல் மராட்டியத்தில் செல்லாதாம். மராட்டியத்தில் குடியேறியவர்களுக்காகத் தொடுத்த வழக்கிலும் 1994இல் அதே தீர்ப்புத்தான்.

நம்மில் பலர் மாற்றல் உத்தரவில் வந்தவர்கள். சாதியை ஊரிலேயே இறக்கிவைத்துவிட்டு வா என்று அந்த உத்தரவில் எழுதவில்லையே! குழாயடியிலும் வாடகை வீட்டு வாசலிலும் நம் சாதியைக் கேட்காமல் விட்டார்களா? உரிமை மட்டும் எல்லை ஸ்டேஷனில் இறங்கிவிட்டது.

ஒரு வழி மிச்சமிருக்கிறது. ஐ.ஐ.டி. போன்ற மத்திய அரசு நிறுவனங்களில் சொந்த மாநிலத்துத் தகுதி செல்லும். தகப்பனாரின் ஊர்ச் சான்றிதழைக் காட்டினால் இங்குள்ள அதிகாரியே பிள்ளைக்குச் சான்றிதழ் தரலாம் என்று மத்திய உள்துறை 1985லேயே எழுதியிருக்கிறது. மாநில இடத்துக்கு அது உதவாது. மத்திய இடத்துக்கு உதவும்.

டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் பழைய காகிதத்தைத் தேடுங்கள். பரீட்சை முடிந்த பிறகு தாசில்தாரைப் பார்க்க ரயிலேறினால் காலம் போதாது. ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.