ஆற்றோடு நடந்து சரிவை அளப்போம்

(கணித, புவியியல் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



கணிதத்தில் நேர்க்கோட்டின் சாய்வைக் கற்பிக்கிறோம். புவியியலில் சம உயரக் கோடுகளைக் கற்பிக்கிறோம். இரண்டும் ஒரே கருத்துதான் என்று மாணவருக்குக் காட்ட நம் தாமிரபரணியே போதும். பொதிகையில் பிறந்து, ஏறத்தாழ 125 கி.மீ. ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் ஆறு இது.

இந்தப் பாதையின் உயரங்களை இன்று வகுப்பறையிலேயே பெறலாம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்கள் ரேடார் கொண்டு புவியின் நிலப்பரப்பில் பெரும்பகுதியை அளந்தது. 2005இல் ஏவப்பட்ட நமது கார்ட்டோசாட்-1 படங்களிலிருந்து உருவான உயரத் தரவு புவன் தளத்தில் கிடைக்கிறது. இவற்றை ராஸ்டர் தரவு என்பர். கணக்கு நோட்டின் கட்டங்களைப் போல நிலத்தைப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயர எண்ணைத் தருவார்கள். கட்டத்தின் பக்கம் சுமார் 30 மீட்டர்.

செய்முறை எளிது. பாதையை வரையுங்கள். சம இடைவெளியில் புள்ளிகள் வையுங்கள். ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் குறியுங்கள். அடுத்தடுத்த உயரங்களின் வேறுபாட்டை இடைவெளியால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 100 மீட்டர் இடைவெளியில் உயரங்கள் 84, 87, 86, 91 மீட்டர் என வைத்துக்கொள்வோம். சரிவு முறையே 3, -1, 5 விழுக்காடு. முதலிலிருந்து கடைசிவரை ஒரேயடியாகக் கணக்கிட்டால் 2.3 விழுக்காடு. நடுவில் ஓர் இறக்கம் இருந்ததே தெரியாமல் போகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். மென்பொருளில் 'ஸ்லோப்' என்ற கட்டளை தருவது, அந்த இடத்தில் நிலம் எந்தத் திசையில் மிகச் செங்குத்தாக இறங்குகிறதோ அந்தச் சரிவை. பாதையின் சரிவு அதுவன்று. மாஞ்சோலைக்கு ஏறும் சாலையை நினைத்துப் பாருங்கள். மலைச்சரிவு செங்குத்தானது, சாலையோ வளைந்து வளைந்து மெல்ல ஏறுகிறது. ஆகவே பாதையின் மேலுள்ள உயரங்களைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

அடுத்து, புள்ளிகளுக்கு இடையே எவ்வளவு தூரம் விடுவது? பாபநாசத்துக்கு மேலே மலையில் 100 மீட்டர் போதும். அங்கே இறக்கம் பெரிது. சமவெளியில் கதை வேறு. திருநெல்வேலி கடல்மட்டத்திலிருந்து சுமார் 47 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து புன்னைக்காயல் நேர்க்கோட்டில் சுமார் 45 கி.மீ. ஆக, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் இறக்கம். ஒரு கட்டத்தின் 30 மீட்டருக்குள் 3 செ.மீ. மட்டுமே.

எண்டெவர் தரவிலோ உயரங்கள் முழு மீட்டர்களில் உள்ளன. பக்கத்துக் கட்டத்தில் அதே எண் இருந்தால் சரிவு சுழி. ஒரு மீட்டர் கூடினால் 3.3 விழுக்காடு. உண்மைச் சரிவு சுமார் 0.1 விழுக்காடு! போதாக்குறைக்கு, ரேடார் பனைமர உச்சியையும் கூரையையும் சேர்த்தே அளந்திருக்கும். எனவே சமவெளியில் 10 கி.மீ. போன்ற நீண்ட இடைவெளி வேண்டும். பல கட்டங்களின் சராசரியையும் எடுக்க வேண்டும்.

இது வெறும் கணக்கன்று. மருதூர், திருவைகுண்டம் அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்கள் இந்தச் சிறு சரிவை நம்பியே பாய்கின்றன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. இவ்வளவு தட்டையான நிலத்தில் வெள்ளம் எளிதில் வடிவதில்லை. ஒரு மாணவர் இலவசத் தரவைப் பார்த்து, "எங்கள் தெரு இரண்டு மீட்டர் மேடு, பயமில்லை" என்று சொன்னால், அந்த இரண்டு மீட்டர் தரவின் பிழையாகவே இருக்கலாம். எண்ணைப் படிக்கக் கற்றுத்தரும் நாம், எந்த எண்ணை எதுவரை நம்பலாம் என்பதையும் கற்றுத்தர வேண்டும்.

ஒரு செயல்பாடு சொல்லி முடிக்கிறேன். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை வாங்குங்கள். பள்ளி வாயிலிலிருந்து தெருமுனை வரை பத்துப் பத்து மீட்டராக உயர வேறுபாட்டை மாணவர்களே செ.மீ. கணக்கில் அளக்கட்டும். அதே பாதைக்கு ராஸ்டர் தரவிலிருந்தும் சரிவு காணட்டும். இரண்டு வரைபடங்களையும் ஒரே தாளில் வரையச் சொல்லுங்கள். ஏன் வேறுபடுகின்றன என்ற கேள்வியை அவர்களே எழுப்புவார்கள்.