நீரோட்டம் அறிந்த தடம்

செமினிக்காரர்களுக்கு மலை என்றால் புரோகா மலைதான். 400 மீட்டர் உயரம். சனி, ஞாயிறு என்றால் விடியுமுன்னே அடிவாரத்தில் கார்கள் வரிசை பிடித்துவிடும். மேலே லாலாங் புல்லில் வெயில் விழும் அழகுக்கு ஈடில்லை. ஆனால் ஏறும் வழியைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். கால்கள் போன போக்கில் நேரே மேல்நோக்கி விழுந்த வழி அது. பெய்கிற மழையும் அதே வழியில் இறங்குகிறது. மண் கரைந்து, வேர் தெரிந்து, வழி வாய்க்காலாகிவிட்டது.

இதை நினைவில் வைத்துக்கொண்டு கோலாலம்பூரின் புக்கிட் கியாராவுக்கு வாருங்கள். தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டிய குன்று அது. அங்குள்ள காட்டுத் தடங்கள் பெரும்பாலும் குத்தகைக்காரர் போட்டவையல்ல. ட்ராக்ஸ் என்ற தடங்கள் சங்கத்தினரும் மிதிவண்டி ஓட்டிகளும் விடுமுறை நாட்களில் மண்வெட்டியும் பாராங்கத்தியுமாகப் போய் வெட்டிப் பராமரித்தவை. இதை நான் பொழுதுபோக்கு என்று சொல்லமாட்டேன். இது ஒரு கலை.

எப்படி என்கிறீர்களா? தடம் மலையை நேராக ஏறாது. சரிவைச் சுற்றிச் சுற்றிப் போகும். இரண்டடி அகலத்துக்குச் சரிவை வெட்டி, வெளிவிளிம்பு ஓர் அங்குலம் தாழ இருக்கும்படி மண்ணைத் தட்டுகிறார்கள். அந்த ஓர் அங்குலத்தில்தான் எல்லாம் இருக்கிறது. மழைநீர் தடத்தின் நீளத்துக்கு ஓடாமல், குறுக்கே வழிந்து புதருக்குள் போய்விடும். ஆங்காங்கே தடத்தையே சற்று இறக்கி ஏற்றுகிறார்கள். மிதிவண்டியில் போகிறவருக்கு அது ஊஞ்சல் மாதிரி, தண்ணீருக்கோ அதுதான் வெளியேறும் வாசல்.

ஒருமுறை அப்பாவை அங்கே அழைத்துப் போனேன். உலுலங்காட் பக்கம் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் அவர். காலடியில் ரப்பர் கொட்டைகள் நொறுங்க நடந்தவர், ஒரு வளைவில் உட்கார்ந்து மண்ணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “தோட்டத்துல படிவெட்டு உள்பக்கம் சாஞ்சிருக்கும். மரத்துக்குத் தண்ணி வேணும். இங்க வெளிப்பக்கம் சாச்சிருக்கானுங்க. வெவரமானவனுங்க” என்றார். நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் கை சொல்லிவிட்டது.

கியாராவும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். 1970-களில் அரசு அதைக் கையகப்படுத்தியது. அங்கே உழைத்த நம்மவர் குடும்பங்கள், நிரந்தர வீடு தருவதாகச் சொன்ன வாக்கை நம்பி, அடிவாரத்து நீண்ட வீடுகளில் நாற்பது ஆண்டுகளுக்குமேல் காத்திருந்தார்கள். பக்கத்திலுள்ள ரிம்பா கியாரா பூங்காவில், அவர்களுக்கான வீடுகளையும் சேர்த்து அடுக்குமாடிகள் கட்டக் கொடுத்த அனுமதி செல்லாது என்று 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூங்கா பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. அந்தக் குடும்பங்களை மறந்துவிட்டு அந்தத் தடங்களை மட்டும் புகழ எனக்கு மனம் வராது.

குறையும் உண்டு. இறக்கத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும் ஓட்டிகளால் வளைவுகளில் மண் உழுததுபோல் ஆகிறது. நடப்பவர்கள் பத்தடி மிச்சம் பிடிக்க, வளைவை அறுத்து நேரே இறங்குகிறார்கள். அந்தக் குறுக்குவழி ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் புரோகா. தடம் வெட்டியவர்களே திரும்பி வந்து அதில் விழுந்த மரக்கிளைகளைப் போட்டு அடைக்கிறார்கள்.

1938-இல் இதே கோலாலம்பூரில் தொடங்கிய ஹேஷ் என்ற ஓட்டச் சங்கத்தினர், பின்னால் ஓடி வருபவர்களுக்குக் காகிதத் துண்டுகளைத் தூவி வழிகாட்டினார்கள். ஒரு மழை போதும், அந்த வழி போய்விடும். கியாராவின் தடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மழை விட்ட பத்தாவது நிமிடம் போங்கள். மரமெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும். தடத்தில் குட்டை இராது.