அரிவாளுக்கு ஒரு பரீட்சை

காஞ்சிபுரத்துத் தொண்டைமானிடம் மன்னன் அதியமான் புலவர் ஔவையாரைத் தூது அனுப்பினான். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையாகத் திறந்து காட்டினான். எல்லாம் நெய் பூசி, மயில்பீலி சூட்டிப் பளபளவென்று இருந்தன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவை. புகழ்வதுபோல ஒரு குத்து! புறநானூறு 95-ஆம் பாடலின் பின்னணி இது.

தோட்டத்துக்கு வாங்கும் அரிவாளுக்கும் இதே கணக்குதான். பளபளப்பை நம்பாமல் வெட்டிப் பாருங்கள். முதலில் பச்சைக் கிளை, பிறகு காய்ந்த கட்டை. அப்புறம் வாயை வெளிச்சத்தில் பிடியுங்கள். வெள்ளைக் கோடாக மின்னினால் அந்த இடம் மழுங்கிவிட்டது. வாய் மடிந்திருந்தால் இரும்பு மெது, தோய்ச்சல் போதவில்லை. சில்லு பெயர்ந்திருந்தால் தோய்ச்சல் அதிகம். பழுக்கக் காய்ச்சித் தோய்த்த இரும்பை மறுபடி இளஞ்சூடு காட்டி ஆற்றினால்தான் உறுதியும் வரும், உடையாமலும் இருக்கும்.

இந்தக் குறைகளைக் கொல்லர் சரிசெய்து கொடுப்பார். ஆனால் பிடி ஆடுகிற அரிவாளை மட்டும் இன்னொரு முறை ஓங்காதீர்கள். கழன்று பறந்தால் யார்மேல் விழும் என்று சொல்ல முடியாது.